எல்லையோரத்தில் ஒரு ரக்பி சங்கம்: பணமும் பொறுப்பும் யார் கையில்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊர்களில் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், துணிமணி எடுக்கப் பொள்ளாச்சி. இங்கே நாலு பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு, முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடி ஆடும் ரக்பி சொல்லிக்கொடுக்கலாம் என்று கிளம்பினால், பந்தும் பயிற்சியாளரும் எப்படியோ கிடைத்துவிடுகிறார்கள். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் சென்னை புல்ஸ் கோப்பையை வென்ற பிறகு ஆர்வத்துக்கும் பஞ்சமில்லை. சிக்கல் வருவது இரண்டாம் வருடத்தில். யார் பெயரில் பணம் இருக்கிறது, யார் சொன்னால் செலவு செய்யலாம், கணக்கை யாரிடம் கேட்பது என்று எழுதி வைக்காத சங்கங்கள் அப்போதுதான் உடைகின்றன. ஆட்டம் நன்றாக இருந்தும் சங்கம் கலைந்ததால் பிள்ளைகள் விளையாட்டையே விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கத்தின் பணத்தைத் தொடுபவர் ஒருவர், செலவுக்கு அனுமதி தருபவர் இன்னொருவர், இரண்டையும் சரிபார்ப்பவர் மூன்றாமவர். இந்த மூன்று வேலையும் ஒரே கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

படி 1: எந்த மாநிலம் என்று முடிவு செய்யுங்கள்

ரக்பியின் அதிகார வரிசை இப்படிப் போகும்: மேலே உலக ரக்பி, அதன் கீழ் ஆசிய ரக்பி, அதன் கீழ் இந்திய ரக்பி கால்பந்து யூனியன், அதன் கீழ் மாநிலச் சங்கம், பிறகு மாவட்டச் சங்கம், கடைசியில் கிளப். உங்கள் கிளப் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகக் கோர்க்கப்படாவிட்டால் பிள்ளைகள் மாவட்ட அணிக்கோ மாநில அணிக்கோ போக வழியில்லை.

எல்லையில் இது சுலபமான கேள்வி அல்ல. மைதானம் கேரளத்தில் இருக்கும். விளையாட வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் ஆதார் முகவரி பொள்ளாச்சித் தாலுக்காவில் இருக்கும். பயிற்சியாளர் கோயம்புத்தூரில் இருந்து பைக்கில் வருவார். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கமும் இதே நிலைதான்: வீடு ஒரு மாநிலம், பள்ளி இன்னொரு மாநிலம். இரண்டு மாநிலச் சங்கங்களிலும் ஒரே நேரத்தில் கால் வைக்க நினைக்காதீர்கள். மைதானமும் பதிவு முகவரியும் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலச் சங்கத்தில் இணையுங்கள். வேறு மாநில முகவரி உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம், 'இவன் எங்களோடு பயிற்சி எடுக்கலாம், ஆனால் மாநிலத் தேர்வுக்கு எந்தப் பக்கம் போக முடியும் என்பதை விதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேர்வு நாளன்று சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும்.

பதிவுக்குப் போகும் முன்பே மாநிலச் சங்கத்தின் பைலாவை, அதாவது சங்க விதிமுறைகளை, எழுதிக் கேட்டு வாங்குங்கள். கிளப்புக்கு ஓட்டு உண்டா, மாவட்டச் சங்கத்துக்கு மட்டும்தானா, இணைப்புக் கட்டணம் எவ்வளவு, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பவை அதில் இருக்கும். உங்கள் பைலா அதற்கு முரணாக இருந்தால் பின்னால் திருத்த அலைய வேண்டிவரும்.

படி 2: சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

கேரளத்தில் சங்கப் பதிவுக்கு இரண்டு சட்டங்கள் நடப்பில் உள்ளன. பழைய மலபார்ப் பகுதிக்கு 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம். பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்கு 1955-இல் வந்த தனிச் சட்டம். பாலக்காடு மலபாரைச் சேர்ந்தது. ஆனால் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுக்கா, ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, நம் பாலக்காட்டுச் சித்தூர், 1956-க்கு முன் வரை கொச்சியோடு இருந்தது. அதனால் பாலக்காடு டவுனில் இருக்கும் நண்பரின் கிளப் பைலாவை அப்படியே நகல் எடுத்துக் கொழிஞ்சாம்பாறையில் கொடுத்தால் சட்டத்தின் பெயரே மாறிப்போக வாய்ப்பு உண்டு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில் இதைக் கேட்டுத் தெளிந்துகொண்டு பிறகு தட்டச்சு செய்யக் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், ஆந்திரத்தில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம்.

குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஏழு பேரும் ஒரே குடும்பம், ஒரே தெரு, ஒரே கட்சி என்று இல்லாமல் பாருங்கள். ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர், இரண்டு பெற்றோர், முன்பு விளையாடிய ஒருவர், கணக்குத் தெரிந்த ஒருவர், அவசியம் பெண்கள். இப்படி அமைந்தால் பின்னால் வரும் சண்டைகள் பாதியாகக் குறையும்.

பைலா ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும். அதன் தமிழ்ப் பிரதி ஒன்று தயார் செய்து முதல் பொதுக்குழுவில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். புரியாத விதிக்குத் தலையாட்டிய உறுப்பினர் பின்னால் அந்த விதியை மதிக்கமாட்டார்.

படி 3: பைலாவில் எதை எழுதுவது

இங்கே அவசரப்படாதீர்கள். அச்சடித்த மாதிரிப் பைலாவில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் இருக்கும், ரக்பிக்கு வேண்டியது இருக்காது. நான் கட்டாயம் சேர்க்கச் சொல்லும் விதிகள் இவை.

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எந்த இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் செயற்குழுக் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். தன் சம்பளம் பற்றிய பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் வேண்டும். ஜெர்சி வாங்கும் கடை செயற்குழு உறுப்பினரின் மச்சானுடையது என்றால் அதிலும் இதே விதிதான். சொந்தக்காரர் கடையில் வாங்குவது குற்றமில்லை, சொல்லாமல் வாங்குவதுதான் குற்றம்.

அணித் தேர்வுக் குழுவைச் செயற்குழுவிலிருந்து பிரித்து வையுங்கள். பணம் கொடுப்பவர் யாரும் தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது. ஜெர்சிக்குப் பணம் கொடுத்த ஒருவர், தன் அண்ணன் மகனை அணியில் சேர்க்கச் சொல்லி நேராக மைதானத்துக்கே வந்து நின்றதை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். பைலாவில் ஒரு வரி இருந்ததால் செயலாளர் அதைக் காட்டி, 'எங்க கையில இல்லைங்க' என்று மரியாதையாகச் சொல்ல முடிந்தது. அந்த வரி இல்லாவிட்டால் அவர் ஒன்று பையனைச் சேர்த்திருக்க வேண்டும், இல்லை பணத்தைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஓட்டுரிமைக்கு ஒரு கால வரம்பு போடுங்கள். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே உறுப்பினராகி, சந்தா பாக்கி இல்லாதவருக்கே ஓட்டு. இது இல்லாவிட்டால் தேர்தலுக்கு முந்தைய வாரம் யாராவது ஐம்பது பேருக்குச் சந்தாக் கட்டி ஆள் சேர்த்து, சங்கத்தையே வாங்கிவிட முடியும்.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய அமைப்புகளின் செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் குறைந்தது 4 பெண்கள், 2 சிறந்த விளையாட்டு வீரர்கள் என்று வரையறுக்கிறது. கிராமத்துக் கிளப்புக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அதே விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் கொண்ட குழுவில் இரண்டு பெண்கள், விளையாடும் வீரர்களே தேர்ந்தெடுத்த ஒருவர். வீரர்களின் ஆள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், 'போன தடவை ரயிலில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை' என்ற பேச்சு பேலன்ஸ் ஷீட்டுக்கு முன்பே வந்துவிடும்.

கடைசியாக, கலைப்பு விதி. நல்ல காரியம் தொடங்கும்போது கலைப்பதைப் பற்றிப் பேசப் பலருக்குக் கூச்சம். ரக்பியின் மிகப் பழைய கோப்பைகளில் ஒன்று ஒரு கிளப்பைக் கலைத்ததில்தான் பிறந்தது. 1873-இல் தொடங்கிய கல்கத்தா ரக்பி கிளப்பில் இலவச மது நிறுத்தப்பட்டதும் உறுப்பினர்கள் குறைந்துபோனார்கள் என்று சொல்வார்கள். இருந்தவர்கள் வங்கியில் மிச்சமிருந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி, பிடிக்கு மூன்று நாகம், மூடிக்கு மேல் ஒரு யானை என்று ஒரு கோப்பை செய்து, 1878-இல் இங்கிலாந்து ரக்பி யூனியனிடம் கொடுத்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. 1860 சட்டமும் இதையேதான் கேட்கிறது: சங்கத்தைக் கலைக்க ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், மிஞ்சிய சொத்து உறுப்பினர்கள் கைக்குப் போகக் கூடாது. உங்கள் பைலாவில், மிச்சப் பணமும் பந்துகளும் இதே தாலுக்காவில் ரக்பி சொல்லித்தரும் வேறொரு சங்கத்துக்கோ பள்ளிக்கோ போகும் என்று எழுதுங்கள்.

படி 4: வங்கிக் கணக்கு

சங்கத்தின் பெயரில் பான் கார்டு, பிறகு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் ஒருவர் கட்டாயம் பொருளாளர். யுபிஐ க்யூஆர் அட்டையும் சங்கத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். பயிற்சியாளரின் சொந்த எண்ணுக்கு மாதக் கட்டணம் அனுப்பும் பழக்கம் ஒரு மாதம் தொடர்ந்தாலும் போதும், பிறகு எது அவர் பணம், எது பிள்ளைகள் பணம் என்று அவருக்கே தெரியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரைச் சந்தேகத்துக்கு ஆளாக்காமல் காப்பதும் சங்கத்தின் கடமைதான்.

படி 5: வரவைக் குறைத்துப் போடுங்கள்

நாற்பது பிள்ளைகள், மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் ஆண்டுக்கு 48,000. நடப்பில் தென்னந்தோப்பில் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளிடம் பணம் கேட்கக் கூடாது, மழைக்காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அறுபது சதவீதம்தான் வரும் என்று கணக்குப் போடுங்கள்: 28,800. செலவுத் திட்டம் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். கட்டண விலக்கு யாருக்கு என்பதைச் செயலாளரும் பெற்றோர் பிரதிநிதி ஒருவரும் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பிள்ளைகளைக் கூசவைக்காதீர்கள்.

மற்ற வரவுகள்:

கிராமப் பஞ்சாயத்தும் மாவட்ட ஸ்போர்ட்ஸ் கவுன்சிலும். கேரள விளையாட்டுச் சட்டம் 2000-இன் கீழ் மாநில, மாவட்டக் கவுன்சில்கள் இயங்குகின்றன. மாநிலச் சங்கத்துக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். பஞ்சாயத்திடம் பணத்தைவிட மைதானம் கேட்பது பலிக்கும்.

கம்பெனிகள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆந்திர எல்லைக்காரர்களுக்கு ஸ்ரீசிட்டி. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸ் 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை நேரடியாக வாங்க 12ஏ (சங்கத்துக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவு, கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தை வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று ஆண்டு செயல்பாடு எல்லாம் வேண்டும். புதுச் சங்கம் முதல் வருடமே இதை நம்பித் திட்டம் போடக் கூடாது. முதல் மூன்று வருடக் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பதுதான் இதற்கான தயாரிப்பு.

வளைகுடாவில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. யார் அனுப்பினாலும் பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ரொக்க நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவருக்கு 80ஜி வரிச் சலுகை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தத் தொகை ஆனாலும் எண்ணிட்ட ரசீது கொடுங்கள்.

ஒரு காரியத்துக்கென்று கொடுத்த பணத்தை வேறொன்றுக்குத் தொடாதீர்கள். பெண்கள் அணியின் ஷூவுக்கு வந்த பணம் ஷூவுக்குத்தான், வேன் வாடகை எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

படி 6: செலவும் வவுச்சரும்

கணக்கு கெடுவது பெரும்பாலும் பயணத்தில்தான். பன்னிரண்டு வீரர்கள், பயிற்சியாளர், உடன் போகும் ஒரு பெண் பொறுப்பாளர், ஆக 14 பேர் ஒரு போட்டிக்குக் கிளம்புகிறார்கள். பொருளாளர் முன்பணம் கொடுக்கிறார். ரயில் டிக்கெட்டுக்கு ரசீது இருக்கும். ஸ்டேஷன் வாசலில் சாப்பிட்ட தட்டுக்கடைக்கு ரசீது இருக்காது, ஆட்டோவுக்கும் இருக்காது. அதற்காகப் பையில் ஒரு வவுச்சர் புத்தகம் வையுங்கள்: தேதி, எதற்கு, எத்தனை பேர், எவ்வளவு, கொடுத்தவர் கையெழுத்து, கூட இருந்த இன்னொருவர் கையெழுத்து. 'இரவுச் சாப்பாடு, புரோட்டா, 14 பேர், 1,120 ரூபாய்' என்று அன்றைக்கே எழுதினால் ஆடிட்டர் ஒப்புக்கொள்வார். ஊர் திரும்பி நாலு நாள் கழித்து 'இதர செலவு' என்று மொத்தமாக எழுதினால் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் முன்பணக் கணக்கு முடிய வேண்டும், அது முடியாமல் அடுத்த முன்பணம் கிடையாது.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கணக்கில் அந்தச் செலவு தள்ளுபடியாகலாம். வேன் வாடகை, ஜெர்சி எல்லாம் வங்கி வழியில்தான்.

மருத்துவத்துக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள், அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். ரக்பியில் தலையில் அடிபடும். அடிபட்ட சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே எடுக்க வேண்டும், தொழில்முறை அல்லாத சாதாரண நிலை வீரர் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்பது உலக ரக்பியின் வழிகாட்டுதல். முக்கியமான ஆட்டம் என்று செயலாளரே சொன்னாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை என்று செயற்குழுத் தீர்மானமாகப் போடுங்கள். விபத்துக் காப்பீடு இல்லாமல் ஒரு பிள்ளையையும் டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் பயிற்சிக்கு இறக்காதீர்கள்.

வராத பணத்தை நம்பிச் செலவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ரக்பி உலகத்தில் உதாரணம் நிறைய. நியூசிலாந்தின் ஒட்டாகோ மாகாண ரக்பி யூனியன், நூறாண்டு தாண்டிய அமைப்பு, 2012-இல் கடனில் மூழ்கி மூடும் நிலைக்கு வந்தது. டுனெடின் நகரசபை தனக்கு வரவேண்டிய 4.8 லட்சம் டாலரைத் தள்ளுபடி செய்து கைகொடுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 2022-இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023-இல் லண்டன் ஐரிஷ் என்று மூன்று பெரிய கிளப்புகள் ஒரே வருட இடைவெளிக்குள் வீழ்ந்தன. இங்கிலாந்து யூனியனே 2023-24-இல் 3.79 கோடி பவுண்டு நடப்பு நஷ்டம் காட்டிய வருடத்தில் தலைமை நிர்வாகிக்குப் போனஸோடு 11 லட்சம் பவுண்டு கொடுத்திருந்தது. உள்ளூர்க் கிளப்புகள் கொதித்தன, அவைத் தலைவர் பதவி விலகினார். ஆகவே மூன்று மாதச் செலவுக்கான பணம் எப்போதும் வங்கியில் இருக்க வேண்டும், அதைத் தொடப் பொதுக்குழு அனுமதி வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

படி 7: கணக்கைக் காட்டுங்கள்

மார்ச் 31-இல் கணக்கை மூடி, ஆடிட்டரிடம் கொடுத்து, பொதுக்குழுவைக் கூட்டுங்கள். 1860 சட்டப்படி பொதுக்குழு முடிந்த 14 நாளுக்குள் புதிய செயற்குழுப் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். வேறு சட்டத்தில் பதிவான சங்கமும் இந்த இரண்டு வாரத்தையே வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. பட்டியல் கொடுக்காமல் நாலைந்து வருடம் விட்டால், பிறகு உண்மையான செயற்குழு எது என்று இரண்டு கோஷ்டிகள் கோர்ட்டுக்குப் போகும்.

ஆடிட் அறிக்கை சட்டத்துக்கு. பெற்றோருக்கு ஒரே பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் தனிக் கணக்கு எழுதி மைதானத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்: எவ்வளவு வந்தது, யாரிடமிருந்து, எதற்குப் போனது, மிச்சம் எவ்வளவு. குறி, அதாவது சீட்டு, நடத்துபவர் மாதம் தவறாமல் பெயரும் தொகையும் சொல்வதால்தானே நம் ஊரில் முன்பின் தெரியாதவரை நம்பியும் பணம் கட்டுகிறோம், அதே போலத்தான் இதுவும். 'ஏனுங்க, நம்ம பையன் கட்டுன காசு எதுக்குப் போச்சுங்க?' என்று ஒரு அம்மா கேட்டால், பொருளாளர் கோபப்படாமல் பலகை முன் நின்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

படி 8: புகார்

பிள்ளைகள் பாதுகாப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், பதவியில் இல்லாதவர்கள். அவர்கள் போன் எண்கள் பலகையில் இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தால் போலீஸில் சொல்வது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி கடமை. சங்கத்துக்குள் பேசித் தீர்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை, தலைவருக்கும் இல்லை. பெண் பிள்ளைகள் வெளியூர் போகும்போது பெண் பொறுப்பாளர் இல்லையென்றால் அந்தப் பயணமே இல்லை.

அணித் தேர்வு, கட்டணம் பற்றிய புகார்களுக்கு எழுத்து மனு, 15 நாளுக்குள் எழுத்துப் பதில். வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல வேண்டாம்.

படி 9: கைமாற்றம்

தேர்தல் முடிந்து புதியவர்கள் வரும்போது ஒரு பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: பதிவுச் சான்று, அசல் பைலா, பான் கார்டு, வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், செக் புத்தகம், ரசீது மற்றும் வவுச்சர் புத்தகங்கள் கடைசி எண்ணோடு, கூட்டக் குறிப்பு நோட்டு, பந்து எத்தனை, டாக்கிள் பை எத்தனை, ஸ்டோர் ரூம் சாவி. அப்புறம் புதியவர்கள் தீர்மான நகலோடு வங்கிக்குப் போய்க் கையெழுத்தையும், யுபிஐயோடு இணைந்த போன் எண்ணையும் மாற்ற வேண்டும். வங்கி அதை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும் வரை புதிய செயற்குழு எந்தச் செலவையும் தொடங்க வேண்டாம்.